அவர் பார்த்துக்கொள்வாரா?

ஜனவரி முடிவதற்குள் அலுவலகத்திலிருந்து சம்பள விவரப் படிவமான டபிள்யூ-2 வந்துவிடும். அதன்பிறகு ஏதோ ஒரு சனிக்கிழமை, எச்-1பி வேலை விசாவில் இருக்கும் கணவர் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு வரிக்கணக்கை முடிக்க உட்காருவார். அவரை ஒட்டி எச்-4 விசாவில் இருக்கும் மனைவியின் விவரம் ஏதாவது தேவைப்பட்டால் மட்டும் அடுக்களைப் பக்கம் குரல் கொடுப்பார். "எனக்கு இதில் ஏதாவது வேலை இருக்கிறதா?" என்று அவள் கேட்டால், "உன் பெயர் சும்மா போகிறது, அவ்வளவுதான்" என்று பதில் வரும். எடிசன், ஃப்ரீமான்ட், இர்விங் என்று நம்மவர்கள் கூடி வாழும் எந்த ஊரிலும் இதுதான் நடைமுறை. கிரீன் கார்டு கைக்கு வராதவரை மனைவி இந்த நாட்டில் வந்துபோகிறவள், சம்பாதிக்காதவளுக்கு வரியோடு என்ன பேச்சு, எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார், கார்டு வந்தபிறகு யோசித்துக்கொள்ளலாம். கணவர்கள் மட்டும் இப்படிச் சொல்வதில்லை. சென்னையில் ஒரு குழுவையே நிர்வகித்துவிட்டு வந்த பெண்களும் இதைத்தான் சொல்கிறார்கள், அதுவும் கொஞ்சம் நிம்மதியோடு.

வரியைப் பொறுத்தவரை இதில் ஒரு வாக்கியம்கூட உண்மை இல்லை. இதை நம்புவதால் வரும் செலவோ, கடைசியில் அவள் தலையில்தான் விழுகிறது.

'வந்துபோகிறவள்' என்பதிலிருந்து தொடங்குவோம். குடிவரவுச் சட்டத்தின் கண்ணுக்கு எச்-4 பெண் தற்காலிகமாக வந்தவள்தான். கணவரின் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஒப்புதலாகிப் பல ஆண்டு ஆகியிருக்கும். வரிசையில் அவருடைய இடத்தைக் குறிக்கும் பிரையாரிட்டி டேட் வந்தால் அவருக்குக் கார்டு, அவரை ஒட்டி அவளுக்கும் கார்டு. எந்த நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற உச்சவரம்பினால், இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை பத்தாண்டைத் தாண்டி நீள்கிறது. ஆனால் வரிச்சட்டம் விசாவின் பெயரைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை, நாட்களை எண்ணுகிறது. இந்த ஆண்டு இங்கே இருந்த நாட்கள், போன ஆண்டு நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தைய ஆண்டு நாட்களில் ஆறில் ஒரு பங்கு. இவற்றைக் கூட்டி 183 வந்து, இந்த ஆண்டில் மட்டும் குறைந்தது 31 நாள் இருந்திருந்தால், வரியைப் பொறுத்தவரை நீங்கள் அமெரிக்கவாசி. மூன்று ஆண்டும் ஆண்டுக்கு 122 நாள் இருந்தாலே கணக்கு நிரம்பிவிடும். மார்ச் முதல் தேதி விமானத்தில் வந்து இறங்கி இங்கேயே இருக்கும் மணப்பெண் அந்த ஆண்டே 183ஐத் தாண்டிவிடுகிறாள். எஃப்-1 மாணவருக்கும் அவரை ஒட்டி எஃப்-2வில் வந்தவருக்கும் ஐந்து நாட்காட்டி ஆண்டுகள் வரை இந்த எண்ணிக்கையிலிருந்து விலக்கு உண்டு. எச்-4க்கு அது கிடையாது.

ஆக, ஒரு துறை அவளை வாசலிலேயே பத்துப் பன்னிரண்டு ஆண்டு நிற்கவைக்கிறது. இன்னொரு துறை முதல் ஆண்டே உள்ளே அழைத்து உட்காரவைத்து உலகம் முழுக்க உனக்கு என்ன வருமானம் என்று கேட்கிறது. இது நியாயமா என்பது வேறு கேள்வி, அதற்குப் பிறகு வருகிறேன். கார்டு வரட்டும் என்று காத்திருப்பவள், தன் கடமைகள் தொடங்கிப் பல ஆண்டு ஆனது தெரியாமல் காத்திருக்கிறாள்.

'வருமானம் இல்லாதவள்' என்ற அடுத்த வாதம் இன்னும் பலவீனமானது. கலிஃபோர்னியா, டெக்சஸ், வாஷிங்டன், அரிசோனா உட்பட ஒன்பது மாநிலங்களில், திருமண வாழ்க்கையின்போது ஒருவர் ஈட்டும் சம்பளம் சட்டப்படி இருவருக்கும் பொது. வேலை பார்த்தது கணவர், வங்கிக் கணக்கும் அவர் பெயரில் என்றாலும் சம்பளத்தில் பாதி அவளுடையது. இந்த மாநிலங்களில் வாழும் தம்பதி தனித்தனியே கணக்குத் தாக்கல் செய்தால், அவர் சம்பளத்தில் பாதியை அவள் தன் படிவத்தில் காட்டியாக வேண்டும். வரி நிர்வாகம் நேற்றுக் கண்டுபிடித்த வேடிக்கை அல்ல இது. வாஷிங்டன் மாநிலத்தின் ஸீபார்ன் தம்பதி கணவரின் வருமானத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் காட்டினார்கள். 1930இல் உச்ச நீதிமன்றம் அது சரி என்றது. உடனே மற்ற மாநிலத்துத் தம்பதிகளுக்கு வயிற்றெரிச்சல். வரியைக் குறைப்பதற்காகவே சில மாநிலங்கள் தங்கள் திருமணச் சொத்துச் சட்டத்தை மாற்றிக்கொள்ளத் தொடங்கின. கடைசியில் 1948இல் காங்கிரஸ், கூட்டாகத் தாக்கல் செய்யும் தம்பதிகளுக்கு அந்தச் சலுகையை நாடு முழுவதற்கும் கொடுத்தது. நம் வீடுகளில் 'ஜாயின்ட்' என்று சாதாரணமாகச் சொல்லும் அந்தப் பெட்டியில் கிடைக்கும் சலுகையின் வேர், மனைவிக்கும் வருமானத்தில் பாதி உண்டு என்ற ஒப்புதல்தான்.

கூட்டுப் படிவத்தில் அவள் பெயர் 'சும்மா' போகிறதா என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நியூஜெர்சியில் 1,20,000 டாலர் சம்பளம் வாங்கும் ஒருவர், மனைவிக்கு வருமானம் இல்லை, வேறு கழிவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 2025ஆம் ஆண்டுக்குக் கூட்டாகத் தாக்கல் செய்தால் நிலையான கழிவு 31,500 டாலர், மத்திய வரி சுமார் 10,140. மணமானவர் தனியாகத் தாக்கல் செய்தால் கழிவு 15,750தான், வரி சுமார் 17,870. வித்தியாசம் 7,700 டாலருக்கு மேல். ஒவ்வோர் ஆண்டும் அவள் பெயர் அந்த வீட்டுக்குக் கொண்டுவரும் தொகை இது. எட்டு ஆண்டு சேர்த்தால் வீட்டுக்கான முன்பணத்தில் கணிசமான பகுதி. 'சும்மா' என்று சொல்பவர் ரீஃபண்டு வந்த அன்று இதை ஞாபகப்படுத்திக்கொள்ளலாம்.

அந்தப் பெயருக்கு ஒரு எண் வேண்டும். வேலை அனுமதி இல்லாத எச்-4க்கு சமூகப் பாதுகாப்பு எண்ணான எஸ்.எஸ்.என். தரமாட்டார்கள். ஆகவே வரிக்கு மட்டும் பயன்படும் ஐ.டி.ஐ.என். எண்ணுக்கு டபிள்யூ-7 படிவம் நிரப்பி, பாஸ்போர்ட்டோடு அலைய வேண்டும். பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த குடும்பங்கள் ஏராளம். மூன்று வரி ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தாவிட்டால் அந்த எண் காலாவதியாகிவிடும். பின்னால் வேலை அனுமதி அட்டையான ஈ.ஏ.டி. கிடைத்து எஸ்.எஸ்.என். வந்தால், பழைய எண்ணின் கணக்கைப் புதியதோடு சேர்க்கும்படி வரித்துறைக்கு எழுத வேண்டும். பலர் எழுதுவதில்லை.

எண்தானே என்று நினைப்பவர்கள் 2020ஐ மறந்துவிட்டார்கள். கொரோனா நிவாரணமாக ஒரு தம்பதிக்கு 2,400 டாலரும் குழந்தைக்கு 500 டாலரும் தரும் சட்டம் அந்த மார்ச்சில் நிறைவேறியது. வருமான வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பது தெரிந்த நிபந்தனை. தெரியாத நிபந்தனை வேறு ஒன்று: கூட்டுக் கணக்கில் ஒருவர் ஐ.டி.ஐ.என். எண்ணோடு இருந்தால், ராணுவக் குடும்பம் தவிர, மொத்தக் குடும்பத்துக்கும் ஒன்றும் கிடையாது. எஸ்.எஸ்.என். வைத்திருந்து ஒழுங்காக வரி கட்டிய கணவருக்கும் கிடையாது, இங்கேயே பிறந்து குடிமக்களாக இருந்த குழந்தைகளுக்கும் கிடையாது. எஸ்.எஸ்.என். உள்ளவருக்கும் குழந்தைகளுக்கும் கிடைக்கும்படி டிசம்பரில்தான் காங்கிரஸ் அதைத் திருத்தியது. 'உனக்கு இதில் ஒன்றும் இல்லை' என்று ஆண்டாண்டாகச் சொல்லப்பட்டவளின் எண், ஒன்பது மாதம் வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் உதவியை நிறுத்திவைத்தது.

இனி கையெழுத்து. இதைத்தான் நம் ஆட்கள் மிக லேசாக எடுத்துக்கொள்கிறார்கள்.

கூட்டுப் படிவத்தில் இருவரும் கையெழுத்திட வேண்டும், பொய்ச் சான்றுக்கான தண்டனைக்கு உட்பட்டு. மென்பொருள் வழியாக அனுப்பும்போது கையெழுத்துக்குப் பதில் ஆளுக்கு ஐந்து இலக்க பின் எண். கணவர் தன் எண்ணைத் தட்டிவிட்டு, அதே மூச்சில் மனைவியுடையதையும் தட்டிவிடுகிறார். ஐந்து விநாடி வேலை. அந்த ஐந்து விநாடியில், அந்த ஆண்டின் மொத்த வரிக்கும் வட்டிக்கும் அபராதத்துக்கும் அவள் தனியாகவும் கூட்டாகவும் பொறுப்பாகிவிடுகிறாள். பாதிக்கு அல்ல, முழுவதற்கும். கணவர் பங்குச் சந்தையில் வாங்கி விற்றதைக் காட்டாமல் விட்டிருக்கலாம், ஊரில் இருக்கும் வீட்டின் வாடகையை மறைத்திருக்கலாம், இல்லாத செலவைக் கழித்திருக்கலாம். வரித்துறையான ஐ.ஆர்.எஸ். விரும்பினால் முழுத் தொகையையும் அவளிடமே வசூலிக்கலாம்.

விவாகரத்தானால்? எச்-4 தகுதி அன்றே போய்விடும். கணவரை ஒட்டி வரவேண்டிய கிரீன் கார்டும் போய்விடும். வரிப்பொறுப்பு போகாது. 'பழைய வரி பாக்கியைக் கணவரே கட்ட வேண்டும்' என்று குடும்ப நீதிமன்றம் எழுதிக் கொடுத்தாலும் அது ஐ.ஆர்.எஸ்.ஸைக் கட்டுப்படுத்தாது. அவரால் கிடைத்த உரிமைகள் அவரோடு முடிந்துவிடும், அவரால் வந்த கடன் மட்டும் அவளோடு தங்கும். நிரபராதித் துணைக்கான நிவாரணம் என்று ஒன்று இருப்பதும், 8857 படிவத்தில் அதைக் கேட்கலாம் என்பதும் உண்மை. 1998இல் அதை விரிவாக்கினார்கள். மிரட்டலும் பணக் கட்டுப்பாடும் இருந்த குடும்பமா என்பதையும் இப்போது பார்க்கிறார்கள். ஆனால் 'படிக்காமல் கையெழுத்திட்டேன்' என்பது மட்டும் போதாது. தவறு உனக்குத் தெரியாதா, தெரிந்திருக்கக் காரணம் இருந்ததா என்று கேட்பார்கள். கணினித் துறையில் பட்டம் பெற்ற பெண் "அவர் பார்த்துக்கொண்டார்" என்று சொன்னால் கேட்பவர் எவ்வளவு தூரம் நம்புவார்?

கணவன் மனைவிக்குள் வேலையைப் பிரித்துக்கொள்வது சகஜம், காருக்கு எண்ணெய் மாற்றுவதை அவர் பார்ப்பதுபோல வரியையும் அவர் பார்க்கிறார் என்பார்கள். தாராளமாகப் பார்க்கட்டும். எண்ணெய் மாற்றுகிறவர், வண்டி எங்காவது மோதினால் நீதான் பொறுப்பு என்று நம்மிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வதில்லை. எண்களை நிரப்பும் வேலையைத்தான் பிரிக்க முடியும், பொறுப்பைப் பிரிக்கும் அதிகாரம் தம்பதிக்கு இல்லை.

இந்தியக் கணக்குகள் பக்கம் வந்தால், அவரால் பார்த்துக்கொள்ளவே முடியாது. காரணம் எளிது: அவருக்கே தெரியாது. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் ஐந்தாறு ஆண்டு வேலை பார்த்தவளுக்கு ஒரு சம்பளக் கணக்கு இருக்கும். கல்யாணத்துக்கு முன் அப்பா போட்டுவைத்த எஃப்.டி. இருக்கும், மியூச்சுவல் ஃபண்டில் இன்னும் நிறுத்தாத ஒரு எஸ்.ஐ.பி. இருக்கும். அப்பாவின் ஓய்வூதியப் பணம் போட்ட வைப்பில் இரண்டாவது பெயராகவும் அவள் இருப்பாள். இவற்றின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரை, அதாவது சுமார் ஒன்பது லட்ச ரூபாயைத் தாண்டினாலும் வெளிநாட்டுக் கணக்குகளுக்கான எஃப்பார் அறிக்கை தர வேண்டும். அப்பாவோடு கூட்டாக இருக்கும் வைப்பில் அவள் பங்கு மட்டும் அல்ல, முழுத் தொகையும் கணக்கில் சேரும். நாமினியாக மட்டும் இருந்தால் சேராது. கணவரோடு சேர்த்து ஒரே அறிக்கையாக அனுப்ப வேண்டுமானால், அவளுடைய எல்லாக் கணக்கும் அவரோடு கூட்டுக் கணக்காக இருக்க வேண்டும். தனிக்கணக்கு ஒன்று இருந்தாலும் அவள் தனியாகத்தான் அறிக்கை அனுப்ப வேண்டும். சம்பாதிக்காதவள், வந்துபோகிறவள் என்ற வாதங்கள் அந்தப் படிவத்தின் முன் எடுபடுவதில்லை.

வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. வைப்பின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் இங்கும் இல்லை என்று நம்புகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இங்கே உண்டு. இந்திய மியூச்சுவல் ஃபண்டு அதைவிடப் பெரிய தலைவலி. அமெரிக்கச் சட்டம் அதைச் செயலற்ற வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் என்று வகைப்படுத்துகிறது. சிறு தொகைகளுக்குச் சில விலக்குகள் போக, ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனித்தனி 8621 படிவம். மாதம் இரண்டாயிரம் ரூபாய் எஸ்.ஐ.பி.க்காக இங்குள்ள சி.பி.ஏ. கேட்கும் கட்டணம், அந்த ஃபண்டின் லாபத்தையே விழுங்கிவிடும். நல்லவேளையாக லாக்கரில் இருக்கும் நகைக்கு இந்தப் படிவங்களில் இடமில்லை, ஊரில் சொந்தப் பெயரில் இருக்கும் மனைக்கும் இல்லை. நகையும் மனையுமாகவே வாங்கிப்போடும் அத்தைமார்களின் முதலீட்டு அறிவை நான் இப்போதெல்லாம் கேலி செய்வதில்லை.

'யாருக்குத் தெரியப்போகிறது?' என்ற கேள்விக்கு 2015லேயே பதில் வந்துவிட்டது. அந்த ஜூலையில் இந்தியாவும் அமெரிக்காவும் கணக்கு விவரங்களைப் பகிர ஒப்பந்தம் செய்துகொண்டன. ஊரில் வங்கிக்குப் போனால் ஃபாட்கா படிவம் என்று நீட்டுகிறார்களே, அது இதற்குத்தான். தெரியாமல் விட்டவர்கள்மீதும் அபராதம் விழும். அலெக்ஸாண்ட்ரு பிட்னர் என்பவர் ஐந்து ஆண்டு எஃப்பார் அறிக்கைகளை உரிய காலத்தில் தரவில்லை, 272 கணக்குப் பதிவுகளுக்குத் தலா 10,000 வீதம் 27.2 லட்சம் டாலர் கட்டச் சொன்னது அரசு. கணக்குக்கு ஒன்று அல்ல, அறிக்கைக்கு ஒன்று என்று 2023இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்து 50,000 ஆகக் குறைத்தது. வேண்டுமென்றே செய்யாத தவறுக்கு, குறைத்தபிறகு, இவ்வளவு. வருமானத்தை ஒழுங்காகக் காட்டி, அறிக்கை மட்டும் விட்டுப்போனவர்கள், துறை கடிதம் எழுதுவதற்கு முன்பே தாமாக அனுப்பினால் பொதுவாக அபராதம் போடுவதில்லை. அந்தக் கதவு திறந்திருப்பது தெரிய வேண்டுமானால், முதலில் அப்படி ஓர் அறிக்கை இருப்பதே தெரிந்திருக்க வேண்டும்.

கல்யாணமான ஆண்டில் இன்னொரு சிக்கல். அக்டோபரில் வந்து சேர்ந்தவள் அந்த ஆண்டு 183 நாளை எட்டமாட்டாள். அவளையும் ஆண்டு முழுவதும் அமெரிக்கவாசியாகக் கருதும்படி இருவரும் கையெழுத்திட்டுக் கேட்கலாம், கூட்டாகவும் தாக்கல் செய்யலாம். சேமிப்பு கண்ணில் பட்டதும் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அப்படிக் கேட்டால் ஜனவரி முதல் அவள் சென்னையில் வாங்கிய சம்பளமும் படிவத்துக்குள் வர வேண்டும். அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளலாம், ஆனால் காட்டாமல் இருக்க முடியாது. அது அவள் சம்பளம், அதற்கான இந்தியச் சான்றான படிவம் 16 அவளுடைய மின்னஞ்சலில் இருக்கிறது. அதைக் கேட்காமலேயே கணக்கை முடித்துவிட்ட கணவர் என்ன பார்த்துக்கொண்டார்?

நியாயத்துக்கு வருகிறேன் என்று சொன்னேன். வேலை பார்க்க அனுமதிக்காமல் வரிப்பொறுப்பை மட்டும் சுமத்துவது அநியாயம்தான். 2015 மே மாதம் தொடங்கிய எச்-4 ஈ.ஏ.டி.கூட, கணவரின் ஐ-140 ஒப்புதல் அல்லது ஆறாண்டுக்கு மேற்பட்ட எச்-1பி நீட்டிப்பு இருந்தால்தான். அதையும் ஒழிக்க ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. எச்-1பிக்காரர் சம்பளத்திலிருந்து 6.2 சதவீதம் சமூகப் பாதுகாப்புக்குப் பிடிக்கிறார்கள். இந்தியாவோடு அதற்கான உடன்பாடு இல்லாததால், பத்தாண்டுக்கான 40 புள்ளி சேராமல் ஊர் திரும்பினால் அது போனதுதான். கூட்டுப் படிவத்தில் எத்தனை ஆண்டு பெயர் இருந்தாலும் மனைவிக்கு அதில் ஒரு புள்ளி சேராது. திருமணம் பத்தாண்டு நீடிக்காமல் முறிந்தால் கணவரின் பதிவை வைத்தும் அவள் எதையும் கேட்க முடியாது. இவ்வளவு அநியாயத்தையும் சொல்லிவிட்டு, ஆகவே நாம் கண்டுகொள்ள வேண்டாம் என்று முடிக்கிறவர்களைத்தான் எனக்குப் புரியவில்லை. சட்டம் ஒருதலையாக இருக்கும்போது அதைப் படிக்காமல் இருப்பது யாருக்கு லாபம்?

சட்டம் கொடுப்பதையும் நாம் எடுத்துக்கொள்வதில்லை. கூட்டாகத் தாக்கல் செய்யும் தம்பதியில் ஒருவருக்குச் சம்பளம் இருந்தால், சம்பளமே இல்லாத மற்றவர் பெயரில் ஓய்வுக்கால ஐ.ஆர்.ஏ. கணக்கு தொடங்கலாம். 2025க்கு 7,000 டாலர் வரை போடலாம். கணக்கு முழுக்க அவளுடையது, அவர் பெயர் அதில் இருக்காது. அவள் பெயரால் மிச்சமாகும் அந்த 7,700இலிருந்தே போடலாமே என்று நான் சொல்லும்போது பல கணவர்கள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

குடிமகனையோ கிரீன் கார்டுக்காரரையோ மணந்து காத்திருப்பவர்களுக்கு இந்தப் படிவம் இன்னும் நெருக்கமானது. ஆதரவுப் பிரமாணமான ஐ-864இல் கணவர் தன் வரிக்கணக்கை இணைக்க வேண்டும். மணமான பிறகும் 'சிங்கிள்' என்று தாக்கல் செய்திருந்தால், திருமணம் உண்மையானது என்று சொல்லும் அதே கோப்பில் தான் மணமாகாதவர் என்ற அவர் வாக்குமூலமும் இருக்கும். திருமணம் ஆகி இரண்டு ஆண்டு நிறைவதற்குள் வரும் கார்டு நிபந்தனைக்கு உட்பட்டது. நிபந்தனையை நீக்க ஐ-751 போடும்போது கூட்டு வரிக்கணக்கு முக்கியச் சான்று. உறவு முறிந்தோ, வீட்டில் வன்முறை தாங்காமல் வெளியேறியோ அவள் தனியாக மனுப் போட நேர்ந்தால், அந்தக் காகிதங்கள் கணவரின் மின்னஞ்சலில் கடவுச்சொல்லுக்குப் பின்னால் கிடக்கும்.

எச்-4இல் கணவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மட்டும் எப்படியோ எல்லாப் படிவத்தையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்திடுகிறார்கள்.

கடைசியாக ஒரு வாதம் மிச்சம் இருக்கிறது, அதுதான் உண்மையில் எல்லோரையும் தடுப்பது: கேட்டால் சந்தேகப்படுவதாக ஆகிவிடுமே. வீட்டுக் கடனில் இருவர் கையெழுத்தும் வேண்டுமென்றால் வங்கி அதிகாரி ஒவ்வொரு பக்கத்தையும் மனைவி முன்னால் திருப்புகிறார், அங்கே யாரும் மனம் நோகவில்லை. கேட்கவே முடியாத வீடாக இருந்தாலும் வழி இருக்கிறது. கூட்டுக் கணக்கில் பெயர் உள்ள யாரும், மற்றவரின் சம்மதம் இல்லாமலே, அந்த ஆண்டின் வரிக்கணக்கு விவரமான டிரான்ஸ்கிரிப்டை ஐ.ஆர்.எஸ்.ஸிடம் நேரடியாகக் கேட்டு வாங்கலாம். இணையத்தில் கேட்கலாம், 4506-டி படிவத்தைத் தபாலிலும் அனுப்பலாம். கட்டணம் கிடையாது. கிரீன் கார்டு வந்திருக்கிறதா என்றும் கேட்கமாட்டார்கள்.